டெல்லி வண்டி, கரூர் எண்

2024 பிப்ரவரியில், ஏழு பேர் அமரக்கூடிய டீசல் எர்டிகா கார் ஒன்றை டெல்லியில் வாங்கி, ஏறத்தாழ 2,450 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு கரூருக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஆறு பேர் இருக்கிறோம். பழநிக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போவதென்றால் ஒவ்வொரு முறையும் வாடகைக்கார் பேச வேண்டியிருந்தது. 2017 மாதிரி எர்டிகாவுக்குக் கரூரிலும் நாமக்கல்லிலும் ஏழே கால் லட்சத்துக்குக் குறையாமல் கேட்டார்கள். அதே ஆண்டு வண்டியை டெல்லியில் ஐந்து லட்சத்தைச் சுற்றி விற்கிறார்கள் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னபோது, அந்த இரண்டு லட்ச ரூபாய் வேறுபாடு பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை என்பதே உண்மை.

டெல்லியில் டீசல் வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு மறைவான காரணம் எதுவும் இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்து, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உத்தரவின்படி, டெல்லியிலும் அதைச் சூழ்ந்த தலைநகரப் பகுதியிலும் டீசல் வண்டி 10 ஆண்டுகளும் பெட்ரோல் வண்டி 15 ஆண்டுகளும் மட்டுமே ஓடலாம் என்பது நான் வாங்கியபோது இருந்த நிலை. ஆகவே ஏழு வயதான டீசல் வண்டிக்கு அங்கே மூன்று ஆண்டு ஆயுள்தான் மிச்சம். நம் ஊரில் 15 ஆண்டுப் பதிவுக்காலத்தில் இன்னும் எட்டு ஆண்டுகள் பாக்கி. இது தவிர, குளிர்காலத்தில் காற்று மாசு எல்லை மீறும்போது பி.எஸ். 4 என்ற புகை வெளியேற்றத் தரத்தைச் சேர்ந்த டீசல் கார்களைத் தெருவிலேயே இறக்கக் கூடாது என்று தடை விதிப்பதும் உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை போயிருந்தால், வாங்கிய வண்டியை ஊரெல்லை தாண்டிக் கொண்டுவருவதே சிக்கலாகியிருக்கும். 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டது. ஆகையால் இப்போது வாங்க நினைப்பவர் பழைய விலைக் கணக்கை அப்படியே நம்பிவிடாமல் புதிதாக விசாரிப்பது நல்லது.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, வண்டி பார்க்கத் தெரியாது. இவை இரண்டும் வேறு வேறு கலைகள். முப்பது ஆண்டுகள் நாமக்கல் லாரியில் வடக்கே லைன் ஓட்டி ஓய்வுபெற்ற சித்தப்பாவைத் துணைக்கு அழைத்தேன். வருவதற்கு அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: மனசுக்குப் பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு ரயிலேறித் திரும்ப நான் சம்மதிக்க வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது. முதல் நிபந்தனை எவ்வளவு பெரியது என்பது டெல்லியில்தான் புரிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம், வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாக மன்னிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். தொலைவில் போய் வாங்குபவனின் பெரிய பலவீனம் இந்த எண்ணம்தான், அதை விற்பவர்களும் நன்கு அறிந்திருக்கிறார்கள். திரும்புவதற்கான ரயில் சீட்டையும் சேர்த்தே முன்பதிவு செய்துகொண்டு போனோம். ரத்து செய்ததில் சில நூறு ரூபாய் நட்டமானாலும், பேரம் பேசும் இடத்தில் அந்தச் சீட்டு பையில் இருந்தது பெரிய தெம்பாக இருந்தது.

சென்னையில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை புதுடெல்லியில் இறங்கலாம். இறங்கிய அன்றே இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். இரண்டும் வியாபாரிகளிடம் இருந்தவை, இரண்டையும் வேண்டாம் என்றோம்.

முதல் வண்டியின் மீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டியது. இருக்கை உறை புதிது, ஸ்டீயரிங் உறை புதிது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்து பளபளத்தது. பதிவு எண்ணைச் சொல்லி, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் ஒன்றில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டபோது, 2022-லேயே அந்த வண்டி 91,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது தெரிந்தது. இந்த ஒரு விசாரணையை ஊரிலிருந்தபடியே தொலைபேசியில் முடித்திருக்கலாம். அதைச் செய்யாமல் போனதால் அரை நாள் வீணானது.

இரண்டாவது வண்டியின் கதை வேறு. வெளியே பார்த்தால் கண்ணாடிபோல மின்னியது, விலையும் மற்றவற்றைவிட நாற்பதாயிரம் குறைவு. சித்தப்பா வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஏறி, நடு இருக்கையின் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார். வழக்கமாக வெளியே தெரியும் பகுதி கறுப்பாகவும், சுருளுக்குள்ளேயே கிடக்கும் பகுதி சேறு படிந்து உலர்ந்த செம்பழுப்பாகவும் இருந்தது. இருக்கை நகரும் தண்டவாளத்தின் அடியில் துரு. தரைவிரிப்பின் மூலையைத் தூக்கினால் மக்கிய வாசனை. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறி, 1978-இன் உயரத்தைத் தாண்டி, டெல்லியின் தாழ்வான பகுதிகளில் புகுந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்து மறந்துவிட்டோம். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் சில துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வந்திருந்தன. இன்ஜினில் தண்ணீர் புகுந்திருந்தால் ஓரளவு சரிசெய்யலாம். வயர்களின் இணைப்புகளில் புகுந்த ஈரம் ஓராண்டு கழித்தும் ஒவ்வொன்றாகத் தொல்லை கொடுக்கும் என்பது சித்தப்பாவின் கணிப்பு. சென்னையில் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மழையிலும் நனைந்த வண்டிகளுக்கும் இதே சோதனை பொருந்தும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது வண்டியை மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பார்த்தோம். உரிமையாளர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். மகனோடு இருப்பதற்காகப் புனேவுக்குக் குடிபெயர இருந்தார். முந்தைய இரவே தொலைபேசியில் அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தோம்: நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. சித்தப்பா போனதும் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். பிப்ரவரிக் காலைக் குளிரில் அது சில்லென்று இருந்தது. "நாம போறதுக்கு முன்னால வண்டியச் சூடு பண்ணி வெச்சிருந்தான்னா, எதையோ மறைக்கறான்னு அர்த்தம், கண்ணு" என்று என் காதோடு சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார். இரண்டாம் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. வெண்புகையோ நீலப்புகையோ இல்லை. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாய்மேல் தலைகீழாக வைத்தார். மூடி இலேசாக நடுங்கியதே தவிரத் தூக்கி எறியப்படவில்லை. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அங்கே காற்று குபுகுபுவென்று அடித்து மூடியைத் தள்ளிவிடும். இந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட்டின் வடிவமைப்பு. ஸ்விஃப்ட், டிசையர் என்று பல வண்டிகளில் வந்தது. கரூர் போன்ற ஊரில்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் உதிரிபாகமும் கிடைக்கும் என்பதும் என் முடிவுக்கு ஒரு காரணம்.

பிறகு கதவுகள், மட்கார்டு, பானெட் ஆகியவற்றைப் பொருத்திய போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தார். கண்ணாடிகளில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு ஆண்டு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். இடப்பக்கப் பின்கதவில் மட்டும் டிங்கரிங் வேலை நடந்து, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த தடம் இருந்தது. குடியிருப்பின் தூணில் உரசியதாக உரிமையாளரே சொன்னார். அந்தக் கதவு மேடுபள்ளத்தில் கீச்சென்று ஒரு சத்தம் போடும் என்றும், இரண்டு ஆண்டுகளாக யாராலும் அதை நிறுத்த முடியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். கேட்காமலே குறையைச் சொன்ன அந்த மனிதரிடம் வாங்கலாம் என்று நான் முடிவுசெய்தது அந்த இடத்தில்தான். சித்தப்பா இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே தலையசைத்தார். ஐந்து லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்குப் பேசி முடித்தோம்.

பணம் கொடுப்பதில் ஒரு நாள் தாமதமானது, அதற்கு முழுக்க நானே பொறுப்பு. இரண்டு லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதாலும், பிற்பாடு சான்று வேண்டும் என்பதாலும், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புவது என்று உறுதியாக இருந்தேன். ஆனால் புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் 24 மணி நேரம் சிறு தொகைக்கு மேல் அனுப்ப முடியாது என்பது என் வங்கியின் கட்டுப்பாடு. விலை படிந்தால் யாருக்கு அனுப்புவோம் என்று ஊகிக்க முடிந்தால் ஒரு நாள் முன்பே அவருடைய கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிச் சேர்த்துவைத்து, ஒரு ரூபாய் அனுப்பிப் பெயர் சரிதானா என்று பார்த்துவிடலாம். நான் அதைச் செய்யாததால் அறை வாடகை ஒரு நாள் கூடியது.

அந்த ஒரு நாளைத் தாள்களுக்குச் செலவிட்டோம், அதனால் அது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். வண்டிப் பதிவு விவரங்களைக் காட்டும் அரசின் வாகன் இணையதளத்தில் வண்டியின் மேல் கடன் பதிவோ தடையோ இருக்கிறதா என்று பார்த்தோம். கடன் முன்பு இருந்து அடைக்கப்பட்டிருந்தால் வங்கியின் கடிதமும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கட்டாயம் தேவை. வேகத்துக்காக விதித்த இரண்டு அபராதங்கள் நிலுவையில் இருந்தன. அவை தீராமல் தடையில்லாச் சான்று, அதாவது எல்லோரும் என்.ஓ.சி. என்று சொல்வது, கிடைக்காது. உரிமையாளர் அங்கேயே இணையத்தில் கட்டினார். படிவம் 28 என்.ஓ.சி.க்கு, 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. எல்லாவற்றிலும் அவருடைய கையொப்பத்தை, ஆர்.சி.யில் உள்ள கையொப்பத்தைப் போலவே இருக்கிறதா என்று பார்த்து, மூன்று பிரதிகளாக வாங்கிக்கொண்டேன். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் எண்ணின்மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் பதிவையும் நான்கு எடுத்தோம். வண்டி கரூருக்கு வந்துவிட்ட பிறகு, டெல்லியில் விண்ணப்பத்தோடு அந்தப் பென்சில் பதிவு வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது? என்.ஓ.சி.யில் போய்ச் சேரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பெயர் குறிப்பாக இடம்பெற வேண்டும். உதவிக்கு வந்த புரோக்கர் தமிழ்நாடு என்று மட்டும் எழுதினால் போதும் என்றார். நான் விடாப்பிடியாகக் கரூர், டி.என். 47 என்று எழுதவைத்தேன்.

அப்புறம் மிக முக்கியமான ஓர் ஏற்பாடு. என்.ஓ.சி. கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை நாங்கள் டெல்லியில் காத்திருக்க முடியாது. ஆகவே 4,65,000 ரூபாயை அப்போதே கொடுப்பது, மீதி 50,000 ரூபாயை என்.ஓ.சி. என் கைக்கு வந்த அன்று அனுப்புவது என்று இருவரும் ஒப்புக்கொண்டு விற்பனைக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் அதில் குறித்தோம். அந்த மணிக்குப் பிறகு நேரும் எதற்கும் அவர் பொறுப்பில்லை என்பது அவருக்கு நிம்மதி, அதற்கு முந்தையதற்கு நான் பொறுப்பில்லை என்பது எனக்கு. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் இப்படிப் பணத்தை நிறுத்திவைக்க ஒருவேளை சம்மதித்திருக்க மாட்டார்கள். சம்மதிக்காத இடத்தில், என்.ஓ.சி. எடுத்துவைத்த பிறகே பணமும் வண்டியும் கைமாற வேண்டும். இரண்டாம் முறை ரயில் செலவானாலும் பரவாயில்லை.

காப்பீடு பற்றி நான் நினைத்திருந்தது தவறு. பழைய உரிமையாளரின் பாலிசி ஆறு மாதம் பாக்கியிருப்பதால் கவலையில்லை என்று இருந்தேன். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு கூடவே வரும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படித் தானாக வராது, 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பாலிசியை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்கான சலுகையும் வண்டியைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது. அந்தச் சலுகைத் தொகையை நான் தனியாகக் கட்டினேன். விற்பனைக் கடிதத்தையும் படிவங்களையும் படமெடுத்து அனுப்பி, டெல்லியை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். ஃபாஸ்டேக் இன்னொரு சிக்கல். ஒரு வண்டிக்கு ஒரே டேக் என்று அந்த மாதத்தில்தான் கெடுபிடி செய்துகொண்டிருந்தார்கள். டேக் இல்லாமல் போனால் அப்போது டோல்கேட்டில் இரட்டிப்புக் கட்டணம் வாங்கினார்கள். ஆகையால் ஊர் போய்ச் சேரும்வரை உரிமையாளரின் டேக்கையே வைத்துக்கொண்டு, நாலாயிரம் ரூபாயை அவருக்கு முன்கூட்டி அனுப்பி ரீசார்ஜ் செய்யச் சொன்னோம். கரூர் வந்ததும் அவர் அதை மூடிவிட்டார்.

சித்தப்பா சொல்லி நான் கேட்காத ஒன்று உண்டு. முன்சக்கர டயர்கள் 2021-இல் மாற்றியவை. பின்சக்கர டயர்களும் ஸ்டெப்னியும் வண்டியோடு வந்தவை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். பின்டயர்களில் 1617 என்று இருந்தது, அதாவது 2017-இன் பதினாறாவது வாரம். டயரின் மேல்வரிகளான பூ இன்னும் நன்றாக இருக்கிறதே, ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "டயருக்குக் காசு பாக்காத கண்ணு. ரோட்டுல அது ரெண்டு மடங்காக் கேக்கும்" என்றார். நான் பிடிவாதமாக இருக்கவே, காற்றழுத்தத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு, யமுனை விரைவுச்சாலை வேண்டாம், பழைய மதுரா சாலையிலேயே போகலாம் என்றார். 165 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் சாலையில் நிற்காமல் வேகமாக ஓடினால் பழைய டயர் சூடேறி வெடிக்கும் என்பது அவருடைய அச்சம்.

விடிந்தபின் கிளம்பினோம். ஆக்ரா, தோல்பூர், சம்பல் ஆற்றுப் பாலம், குவாலியர் என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இறங்கிக்கொண்டே வந்தது. எங்கள் ஊர்ப் புறவழியாகப் போவதும் இதே சாலைதான். அதை இன்னமும் பழைய எண்ணில் ஏழு என்று சொல்லும் சித்தப்பாவுக்கு ஒவ்வொரு தாபாவும் பழைய பழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிறுத்தினாலும், தேநீருக்கு முன்னால் நான்கு டயர்களையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஜான்சியைக் கடந்து லலித்பூருக்கு முன்னால் நிறுத்தியபோது வலப் பின்டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு வயிறு தள்ளியிருந்தது. இன்னும் சில கிலோமீட்டர் ஓடியிருந்தால் அது வெடித்திருக்கும். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கப்போனால், ஏழு ஆண்டுகளாக யாரும் தொடாததால் அதை இறக்கும் திருகு துருப்பிடித்து அசைய மறுத்தது. டீசலை ஊற்றி ஊறவைத்து, சித்தப்பா ஸ்பேனர்மேல் ஏறி நின்று அழுத்தி, ஒன்றரை மணி நேரத்தில் இறக்கினோம். அந்த ஸ்டெப்னியும் 2017-தான். அதை மாட்டிக்கொண்டு 60-ஐத் தாண்டாமல் சாகர்வரை போய், இருட்டில் கடை தேடி, இருந்த கம்பெனியில் இருந்த விலைக்கு இரண்டு டயர் வாங்கினேன். இருட்டில் ஓட்டுவதில்லை என்ற நிபந்தனையும் அன்று என்னால்தான் உடைந்தது. சித்தப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, எனக்கு அதுவே போதுமான தண்டனையாக இருந்தது. பழைய வண்டியைத் தூரத்தில் வாங்குபவர்கள், ஒப்படைக்கும் இடத்திலேயே ஸ்டெப்னியை ஒருமுறை இறக்கி மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மற்ற நாட்களில் சொல்லும்படியான தொல்லை எதுவும் இல்லை. சாகரிலிருந்து நர்மதையைக் கடந்து சிவனி வழியாக நாக்பூர் வரும் வழியில், பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் சாலையை உயர்த்திக் கட்டி, விலங்குகள் அடியால் கடக்க வழி விட்டிருக்கிறார்கள். ஒலித்தடுப்புச் சுவர்களுக்கு இடையில் போகும் அந்தப் பகுதியில் வண்டியை நிறுத்த வேண்டாம். டீசல் விலையை முன்கூட்டிப் பார்த்து வைத்திருந்தது உதவியது. அப்போது டெல்லியில் லிட்டர் 89 ரூபாய் 62 காசு, ஹைதராபாத்தில் 97 ரூபாய் 82 காசு, பெங்களூரில் 87 ரூபாய் 89 காசு. 45 லிட்டர் டேங்கை நாக்பூரில் நிரப்பிக்கொண்டு, ஹைதராபாத்தில் பத்து லிட்டர் மட்டும் போட்டு, ஆந்திரத்தில் போடாமல் கடந்து, பாகேப்பள்ளியில் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் மறுபடி நிரப்பினோம். சராசரியாக லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கிடைத்தது. சாகர், நாக்பூர், ஹைதராபாத், ஓசூர் என்று நான்கு இரவுகள் தங்கினோம். டெல்லியின் டி.எல். எண்ணைப் பார்த்து வழியில் இரண்டு இடங்களில் காவலர்கள் நிறுத்தினார்கள், அசல் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, விற்பனைக் கடிதம் நான்கையும் வரிசையாக ஒரு கோப்பில் வைத்திருந்ததால் இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகவில்லை.

ஐந்தாம் நாள் காலை தொப்பூர் கணவாய். சேலம் நோக்கிய இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கிய எத்தனையோ லாரிகள் அங்கே மோதியிருக்கின்றன. மூன்றாம் கியருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லி என்னையே ஓட்டவைத்தார். பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடந்தபோது மணி பன்னிரண்டு. புறப்பட்டபோது 58,140 காட்டிய மீட்டர் அப்போது 60,600-ஐ ஒட்டி இருந்தது.

வண்டி வீட்டுக்கு வந்ததோடு வேலை பாதிதான் முடிந்தது. என்.ஓ.சி. 24-ஆம் நாள் பதிவுத் தபாலில் வந்தது, அன்று மாலையே மீதித் தொகையை அனுப்பினேன். வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்குமேல் இங்கே வைத்திருந்தால் புதிய எண் வாங்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு பதினொரு மாதம் சும்மா ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் பெயர் மாற்றத்தை வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான், வரிக்கான பொறுப்பும் தனியாக நிற்கிறது. ஆயுள் வரியை நாம் வாங்கிய விலைக்குக் கணக்கிடுவதில்லை. வண்டி புதிதாக விற்கப்பட்ட விலையையும் இப்போதைய வயதையும் கொண்டே அது அமைகிறது. முதல் உரிமையாளரிடம் 2017-இன் அசல் விலைப்பட்டியல் இருந்தது என் நல்ல காலம். அதைக் கேட்டு வாங்கிவர வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவரே கோப்பில் வைத்துக் கொடுத்தார். வரி 78,000 ரூபாய் வந்தது. நான் மனத்துக்குள் போட்டிருந்த கணக்கு முப்பதாயிரம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்துச் சேஸ் எண்ணைச் சரிபார்த்தார். புதிய எண் ஜூன் மாதம் கிடைத்தது.

இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் மிச்சம் என்று நினைத்துப் போன கணக்கு எங்கே நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி 78,000; பிற்பாடு மாற்றிய முன்டயர்களையும் சேர்த்து டயர்கள் 22,400; ரயில், அறை, சாப்பாடு 13,500; டீசல் 12,300; ஆயில், ஃபில்டர், பேட்டரி 11,000; காப்பீட்டு மாற்றம், கட்டணங்கள், புதிய எண் தகடு 9,000; டோல்கேட் 4,100. ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுமேல் போய், கையில் நின்ற மிச்சம் 60,000-க்கும் கீழே. பத்து நாள் விடுப்பையும் சித்தப்பாவின் உழைப்பையும் இதில் சேர்க்கவில்லை. வியாபாரத்துக்காக மாதம் இரண்டு வண்டி இறக்குபவர்களுக்கு இது கட்டுப்படியாகும். ஒரே ஒரு வண்டி வாங்கும் குடும்பத்துக்கு, ஊரில் கேட்கும் விலைக்கும் அங்கே கேட்கும் விலைக்கும் ஒன்றரை லட்சத்துக்குக் குறைவான வேறுபாடு என்றால் பயணத்தைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. விலையுயர்ந்த பெரிய வண்டிகளில் வேறுபாடும் பெரிது, வரியும் பெரிது. அதைத் தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

வண்டியை ஒப்படைத்த அன்று டெல்லிக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: புதிய எண் கிடைத்ததும் ஆர்.சி.யின் நகலை அனுப்ப வேண்டும். பெயர் மாறாமல் எங்கோ ஓடும் வண்டியால் தனக்கு வழக்கு வருமோ என்ற அவருடைய கவலை நியாயமானது. ஜூன் மாதம் நகலை அனுப்பிவைத்தேன். புனேவிலிருந்து நன்றி சொல்லிவிட்டு, பின்கதவு இன்னும் கீச்சென்கிறதா என்று கேட்டார். கரூரில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று, இன்னும் கீச்சென்றுகொண்டுதான் இருக்கிறது என்று எழுதினேன்.